பந்து முந்தியா, பாங்கு முந்தியா

போன டோர்னமென்ட் நடந்த அத்தனை நாளும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் குனிந்துதான் நடந்தேன். கைப்பிடிச் சுவர் ஓரமாக மூன்று கால் வைத்த ஒரு ஸ்டாண்டு, அதன் தலையில் ஒரு செல்போன். அதற்கு முன்னால் துணி காயப்போடக் கூடாது. மிளகாய் பரப்பக் கூடாது. நான் நிமிர்ந்து போனால் என் தலை வீடியோவில் விழுந்துவிடுமாம். "ஆன்ட்டி, கொஞ்சம் குனிஞ்சி போங்க" என்று கும்பிடாத குறையாகக் கேட்டார்கள். முட்டிவலிக்காரிக்கு இது தேவையா? என் வீடு, என் மாடி, நான் கட்டிய கொடி. நான் திருடி மாதிரி போய்வந்தேன்.

எங்கள் வீடு ஆம்பூரில், தோல் பதனிடுகிற டேனரிக்குப் பின்னால் இருக்கிற கிரவுண்டை ஒட்டி இருக்கிறது. ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். கம்பெனியிலிருந்து அப்பரை வீட்டுக்கு வாங்கிவந்து கையால் தைத்துக் கொடுப்பேன். கீழே ரூமில் வெளிச்சம் பத்தாது என்று மாடியில் உட்கார்ந்துதான் தைப்பேன். தலையைத் தூக்கினால் கிரவுண்டு. ஃபுட்பால் எனக்குத் தெரிந்தது அப்படித்தான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் ரூல் புத்தகமெல்லாம் எங்கே படிப்பது. பார்த்துப் பார்த்துத் தெரிந்ததுதான்.

எங்கள் வீட்டுக்காரர்தான் அந்தக் கிரவுண்டில் ரெஃப்ரி. டேனரி வேலைக்குப் போன காலத்தில் ஆடிக்கொண்டிருந்தார். முட்டி ஒத்துழைக்காமல் போனதும் விசிலை எடுத்துக்கொண்டார். வேலையிலிருந்து நின்ற பிறகு அவருக்கு என்று இருப்பது அந்த விசில் ஒன்றுதான். மழைக்காலத்தில் ஆட்டம் இல்லாமல் நாலு நாள் வீட்டில் உட்கார்ந்தால் போதும், குழம்பில் உப்பு கம்மி, ஃபேன் சத்தம் ஜாஸ்தி, வாசலில் செருப்பு கோணல் என்று என் உயிரை வாங்குவார். அவர் கிரவுண்டில் விசில் ஊதிக்கொண்டிருப்பது ஊருக்கு வேண்டுமோ வேண்டாமோ, எனக்கு வேண்டும்.

டோர்னமென்ட் கமிட்டிக்கு செகரெட்டரி எங்கள் தெரு பாய். ஷூவுக்கு சோல் விற்கிற கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர், யாரிடமும் முகம் கோண மாட்டார். அவர் மகளுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளை வந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவு நாளில் ரயிலேறி வந்து, மாமியார் வீட்டில் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, செரிக்கட்டும் என்று கிரவுண்டுப் பக்கம் வந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் ஒரு ஆஃப்சைடு ஊதினார். இரண்டு டீமும் ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மாமனாரிடம் சொன்னாராம்: "இதுக்கெல்லாம் இப்ப வீடியோ இருக்கு மாமா. வெளிநாட்ல ரெஃப்ரி போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றாங்க. நானே செட் பண்ணித் தர்றேன்."

அவ்வளவுதான், முடிந்தது. புது மாப்பிள்ளை வாயைத் திறந்து ஒன்று சொன்னால் மாமனாரால் முடியாது என்று சொல்ல முடியுமா? வேறு யாராவது சொல்லியிருந்தால் பாய் "போடா, வேலயப் பாரு" என்றிருப்பார். கமிட்டியில் மிச்சம் இருந்தவர்களும் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள்தான். மாப்பிள்ளை கேட்டதை மறுப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியும். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டார்கள். வீடியோ வந்தால் ஃபுட்பால் நன்றாகுமா கெட்டுப்போகுமா என்று டிவியில் கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். எங்கள் ஊரில் அந்தப் பேச்சே எழவில்லை. மாப்பிள்ளை ஆசைப்பட்டார், வந்துவிட்டது.

பாய் எங்கள் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, ஒண்ணும் நெனைச்சிக்காதீங்க. உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. மாப்ள ஆசைப்படறாரு."

"அவரு ஆசைப்பட்டா அவரையே ஊதச் சொல்லு பாய்."

"ஐயோ, ஊதறது நீங்கதான்ணே. சந்தேகம் வந்தா மட்டும் வீடியோ."

"எனக்கு எப்ப சந்தேகம் வந்துது?"

"உங்களுக்கு வராது. அதாண்ணே பேஜாரே" என்று பாய் சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ பாய். நான் சொன்ன தீர்ப்ப அந்த போனு ஒரு தபா மாத்திச்சின்னா, அன்னிக்கே இந்த விசில உன் கையில குட்த்துட்டு வீட்டுக்கு வந்துருவேன்."

உள்ளேயிருந்து கேட்ட நான் கணக்குப் போட்டேன். இனி தினமும் உப்பு, ஃபேன், செருப்பு.

கிரவுண்டைச் சுற்றி எங்கள் மாடிதான் உயரம் என்று ஸ்டாண்டை இங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். இங்கே போன் படம் பிடிக்கும். கீழே கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்த லேப்டாப்பில் அது தெரியும். மாப்பிள்ளை அங்கே உட்கார்ந்திருப்பார். போனுக்குச் சார்ஜ் போடும் ஒயர் என் சமையலறையிலிருந்து மாடிப்படி வழியாக மேலே போனது. மேட்ச் நாளில் மிக்சி ஓடாது. ஆம்பிளைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. யாராவது ஏறி வந்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஒரு நாள் அரை மணி நேரம் நின்றேன். அப்பரில் ஊசி குத்தினது குத்தினபடி கிடந்தது.

இல்லை என்று சொல்லக் கூடாது, போன் சரியாகவும் பார்த்தது. ஒரு மேட்சில் ஒருத்தன் பந்தைக் கையால் தட்டிவிட்டான். மாடியிலிருந்து எனக்கே தெரிந்தது. எங்கள் வீட்டுக்காரர் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. வீடியோ காட்டிக்கொடுத்தது. பெனால்டி கொடுத்தார்கள். தட்டினவன் தட்டினதுதான், அதில் நியாயம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் நான் விசிலைத்தான் பார்த்தேன். கழுத்தில் தொங்கியது.

"மாத்திட்டாங்களே, குடுக்கலையா?" என்று கேட்டேன்.

"நான் தீர்ப்பே சொல்லலியே. சொல்லாதத எப்படி மாத்துவாங்க?" என்றார். வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

ஆனால் எரிச்சல் அதில் இல்லை. நிறுத்தி நிறுத்திப் போட்டதில்தான் இருந்தது. எதற்கெடுத்தாலும் இரண்டு டீமும் கையால் காற்றில் கட்டம் போட்டுக் காட்டியது. டிவி மாதிரி ஒரு கட்டம். பந்து வெளியே போனால் கட்டம். ஒருத்தன் தடுக்கி விழுந்தால் கட்டம். எங்கள் வீட்டுக்காரரும் கட்டம் போட்டுவிட்டு லேப்டாப்புக்கு ஓடினார். பந்தல் போட இடம் அளக்கிறவர் மாதிரி இருந்தது, எனக்கு வெட்கமாகப் போயிற்று. அங்கே மாப்பிள்ளை முன்னே ஓட்டி, பின்னே ஓட்டி, பெரிசாக்கி, சின்னதாக்கி... அதற்குள் ஆடுகிறவர்கள் புல்லில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றார்கள். ஒருத்தன் படுத்தே விட்டான்.

அதைவிட, கோல் விழுந்தால் யாரும் கத்தவில்லை. முன்னெல்லாம் கோல் விழுந்தால் அந்தக் கூச்சலில் என் கையில் ஊசி ஏறிவிடும். இப்போது கோல் போட்டவன் இரண்டு கையையும் பாதி தூக்கிக்கொண்டு எங்கள் மாடியைப் பார்த்து நிற்கிறான். சந்தோஷப்படலாமா வேண்டாமா என்று செல்போனிடம் கேட்கிறான். அது முடிந்து சரி என்று சொன்ன பிறகு கத்துவதற்கு யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஆறின டீ மாதிரி ஒரு கைதட்டல். அதற்குத்தானா இவ்வளவு ஓட்டம்?

ஃபைனல் எங்கள் தெரு டீமுக்கும் பேர்ணாம்பட்டு டீமுக்கும்.

இங்கே ஒரு வழக்கம் சொல்ல வேண்டும். எங்கள் கிரவுண்டில் ஆட்டம் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து தொடங்கும். சூரியன் மறைந்ததும் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொன்னால் முடிந்தது. தொழுகிறவர்கள், நாங்கள், எல்லோருக்கும் அதுதான் கணக்கு. பந்து காற்றில் இருந்தாலும் சரி, பாங்கு காதில் விழுந்துவிட்டால் அதன்பிறகு ஒன்றும் செல்லாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறினதும் இல்லை. மீற வேண்டிய தேவையும் வரவில்லை. ஏனென்றால் வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே ஆட்டம் முடிந்து, ஆளாளுக்கு முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அன்றைக்குக் கட்டம் மேல் கட்டம். பாதி ஆட்டத்துக்குள்ளேயே வெயில் டேனரிச் சுவரைத் தாண்டிவிட்டது. இன்னும் கோல் இல்லை. சுற்றி நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். "ஆட்டம் ஆட வந்தீங்களா, படம் பாக்க வந்தீங்களா?" "மாப்ள, அப்படியே ஒரு பாட்டும் போடு!" பாய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மருமகனை ஒரு வார்த்தை சொல்ல முடியாத கஷ்டம் அவர் முகத்தில் தெரிந்தது.

கடைசியில் பேர்ணாம்பட்டுக்காரன் ஒருத்தன் தூரத்துக் கோல் போஸ்ட் பக்கம் பந்தை உதைத்தான். உள்ளே போனது. எங்கள் வீட்டுக்காரர் நீளமாக ஊதி, கையை நடுவே நீட்டினார். கோல். அதே மூச்சில் பாங்கு. அதே மூச்சில் எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேரும் ஓடிவந்தார்கள்: "பாங்கு முந்திடுச்சி! பாங்கு முந்திடுச்சி!" எல்லோர் கையும் காற்றில் கட்டம் போட்டது.

லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். பந்து கோட்டைத் தாண்டியது பளிச்சென்று தெரிந்தது. அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் படத்தில் பந்து கோட்டைத் தாண்டுவதற்கு முன்னாலேயே பாங்குச் சத்தம் தொடங்கிவிட்டது.

"நான் நின்ன எடத்துல கேக்கல" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"ரெக்கார்டு ஆயிருக்கே அங்கிள்."

"உன் போனு அங்க இருக்குது. நான் இங்க இருந்தேன்."

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சின்னப் பள்ளிவாசல். கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளிவாசல். இரண்டிலும் ஒரே நொடியில் பாங்கு தொடங்காது. இங்கே எடுத்த பிறகுதான் அங்கே மைக்கைத் தட்டுகிற சத்தம் கேட்கும். சில நாள் அது முந்தும். எந்தப் பள்ளிவாசல் பாங்கு கணக்கு என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. மாடியில் இருந்த போனுக்குச் சின்னப் பள்ளிவாசல் ஸ்பீக்கர் காதுக்குள் வைத்த மாதிரி. தூரத்துப் போஸ்டுக்குப் பக்கத்தில் நின்றவர் பெரிய பள்ளிவாசல் பாங்கைத்தான் கேட்டார். அது கோல் விழுந்த பிறகுதான் வந்தது.

சுற்றி நின்றவர்களும் தங்கள் போனை நீட்டினார்கள். எல்லோரும் படம் எடுத்திருந்தார்கள். எங்கள் தெருப் பக்கம் நின்றவன் போனில் பாங்கு முந்தி. அந்தப் பக்கம் நின்றவன் போனில் பந்து முந்தி. நடுவில் நின்றவன் போனில் இரண்டும் சேர்ந்து. ஒரு போன் இருந்தபோது ஒரு சண்டை. இத்தனை போன் வந்ததும் இத்தனை சண்டை.

பாய் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். பின்னால் பத்துப் பேர். தொட்டிக்குப் பின்னால் போகக்கூட எனக்கு நேரமில்லை.

"அண்ணி, நீங்க இங்கயேதானே இருந்தீங்க. எது முந்தி? நீங்க சொன்னா சரி."

"நான் பாக்கல பாய்" என்றேன்.

"பாக்கலியா? இங்கதானே நின்னீங்க?"

"சார்ஜு ஒயரு கழண்டுகிச்சி. அத்தப் புடிச்சிக்கினு போனத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

பொய்யில்லை. எத்தனையோ வருஷமாக அந்தக் கிரவுண்டில் விழுந்த கோலையெல்லாம் ஊசியும் கையுமாகப் பார்த்தவள் நான். ஃபைனலில் விழுந்த அந்த ஒரு கோலைப் பார்க்கவில்லை. பார்க்கிறதற்கென்று வைத்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

யாரோ ஒருத்தன், பள்ளிவாசலில் போய் எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள் என்று கேட்கலாம் என்றான். பாய்க்கு அப்போதுதான் கோபம் வந்தது. "தொழுக நேரத்துல போயி கோலு கேக்கச் சொல்றியா? நகரு, நான் தொழுதுட்டு வர்றேன்" என்று இறங்கிப் போனார்.

தொழுதுவிட்டு வந்து கமிட்டி கூடிப் பேசியது. மாடியில் இருக்கிற போன்தான் கமிட்டி போன், அதில் பாங்கு முந்தி, ஆகையால் கோல் செல்லாது, கப்பை இரண்டு டீமும் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று முடிவு சொன்னார்கள். பேர்ணாம்பட்டு கேப்டன் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"உங்க தெரு மாடி, உங்க தெரு பள்ளிவாசல், உங்க மாப்ள போனு. நாங்க எதுக்கு வந்தோம்? உங்க ஊரு ரெஃப்ரியே கோல் குட்த்தாரு. அவரு ஒருத்தருதான் கண்ணால பாத்தாரு."

கப்பைத் தொடாமல் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். எங்கள் பையன்கள் பாதிக் கப்பை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். ஒருத்தன் முகத்திலும் சிரிப்பு இல்லை. மாப்பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஸ்டாண்டை மடிக்க ஏறி வந்தவர், "நல்லதுக்குத்தான் ஆன்ட்டி பண்ணேன்" என்றார். நல்லதுக்குத்தான் பண்ணினார். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் வந்து கால் கழுவினார். கழுத்தில் விசில் இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரே பார்க்கத் தீர்ப்பை மாற்றிவிட்டார்கள். இந்த மனுஷனுக்கு இருக்கிற ரோஷத்துக்கு அதைப் பாய் முகத்தில் எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டுமே.

"குடுக்கலியா?"

"இல்ல."

"ஏன்?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு நெஜமாவே கேக்கலியா, இல்ல காது மந்தமாயிட்டுதான்னு தெரியலமே."

விசிலை அவர் எறிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. நாலு நாள் உப்பு, ஃபேன் என்று கத்துவார், அப்புறம் யாராவது வந்து கூப்பிடுவார்கள், போவார். இது அப்படி இல்லை. தப்பாகவே இருந்தாலும் தெரியும் என்று சொல்கிற ஆள், தெரியவில்லை என்கிறார். அந்த வாரம் முழுக்க உப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டார். "சாம்பார் சரியா இருக்குதா?" என்று நானே கேட்டேன். "இருக்குதுன்னுதான் நெனைக்கறேன்" என்றார்.

இதைத்தான் நான் கேட்கிறேன். வீடியோ சரியாகப் பார்க்கிறது, சரி. மனுஷன் தப்பாகப் பார்க்கிறான், சரி. தப்பு நடந்தால் திருத்த வேண்டும், அதுவும் சரி. ஆனால் ஊதுகிறவனுக்குத் தன் கண்ணும் காதும் தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டால் அப்புறம் அவன் கையில் விசில் எதற்கு? அதைப் போனுக்கே கட்டிவிடலாமே. டிவியில் வரும் பெரிய பெரிய ரெஃப்ரிகளும் இப்போது வீடியோக்காரன் சொல்வதைக் கேட்கக் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்காவது அதற்குச் சம்பளம் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சும்மா ஆட்டம். கப் இல்லை, கமிட்டி இல்லை. ஸ்டாண்டு பெங்களூருக்குப் போய்விட்டது. மாடியில் நானும் என் அப்பரும் மட்டும். நிமிர்ந்து உட்கார்ந்து தைத்தேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கத்துப் போஸ்டுக்குப் பக்கத்தில் நாலு கால் பந்தில் மோதி, பந்து கோட்டுக்கு வெளியே போனது. எவன் காலில் பட்டுப் போனது என்று சொல்ல வேண்டும். தடுத்தவன் காலில் பட்டிருந்தால்தான் கார்னர். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. எடுத்தார். திரும்பி எங்கள் மாடியைப் பார்த்தார். ஸ்டாண்டு இருந்த இடத்தைப் பார்த்தார். அது காலி என்று தெரிந்தும் கண்ணை எடுக்கவில்லை. அவர் பார்க்க, ஆடுகிறவர்கள் பார்க்க, சைக்கிளில் நின்றவர்கள் பார்க்க, கிரவுண்டே என்னைப் பார்த்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:

"இங்க இன்னாத்துக்குப் பாக்கறீங்க? இங்க இன்னா இருக்குது? பக்கத்துல நின்னது நீங்க! ஊதுங்க!"

யாரோ ஒருத்தன், "அண்ணி தீர்ப்பு சொல்லிட்டாங்கடா!" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது.

எங்கள் வீட்டுக்காரர் ஊதினார். கொடி மூலையைக் கையால் காட்டினார். கார்னர்.

தடுத்து நின்ற டீம் மொத்தமும் அவர் மேல் பாய்ந்தது. "கண்ணு இருக்குதா உங்களுக்கு?" "எங்க காலே படல!" அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "எனக்குத் தெரியும், போய் நில்லு" என்று அதட்டினார். நான் முந்தானையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்து ஊசியைத் தேடினேன். அது கார்னரே இல்லை. கடைசியாகப் பட்டது கோல் போட வந்தவன் காலில்தான். நான் நன்றாகப் பார்த்தேன்.